லிங்க்கைத் தொடும் முன் பென்சிலை எடுங்கள்

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். எதிர்த்த டீக்கடை அண்ணாச்சி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, கையில் போனோடு என் கடைக்கு ஓடி வந்தார்.

"தாயி, இன்னைக்கு ராத்திரி ஒம்பதரைக்கு கரண்டைக் கட் பண்ணிருவாங்களாம். போன பில்லு ஏறலயாம். இந்த லிங்க்ல போயி அப்டேட் பண்ணணுமாம். நான் கட்டிட்டனேம்மா!"

அவர் விரல் அந்த நீல எழுத்துக்கு மேலேயே நின்றது.

"அண்ணாச்சி, மொதல்ல விரல எடுங்க. இதப் பேப்பர்ல எழுதி வெட்டிப் பாத்துருவோம்."

வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் அந்த முகவரியை எழுதி, பென்சிலால் கோடு போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "அடப் பாவிகளா, இது கரண்டு ஆபீஸு இல்லயே" என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார்.

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பதினொரு வருடமாக பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். படித்தது கணினி அறிவியல். ஆனாலும் லிங்க்கை இப்படி எழுத்தெழுத்தாக வெட்டிப் படிக்கும் பழக்கம் படிப்பால் வந்ததில்லை. ஒரு வங்கியின் பெயரில் வந்த லிங்க்கைத் தொட்டு என் அத்தை 18,600 ரூபாயை இழந்தார். அது இரண்டு வருடம் சீட்டு கட்டிச் சேர்த்த பணம். அழுதுகொண்டே அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பேங்க் பேருதான்டி மொதல்ல இருந்துச்சு!" உண்மைதான், பெயர் முதலில் இருந்தது. முதலில் இருக்கும் பெயரை நம்பக் கூடாது என்று அத்தைக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால்தான் இப்போது கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. கடையில் தாளில் எழுதிக் காட்டுவது போலவே இங்கேயும் முகவரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும். புள்ளி, சாய்கோடு, கேள்விக்குறி எல்லாம் அப்படியேதான். வெட்டுவதற்குத் தேவையானவை அந்தக் குறிகள்தான்.

முதல் வேலை, லிங்க்கைத் திறக்காமல் கைப்பற்றுவது. வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வந்திருந்தால் அதை ஒரு தட்டுத் தட்டாமல், அழுத்திப் பிடியுங்கள். நகலெடுக்க வழி காட்டும். நகலெடுத்து நோட்ஸ் செயலியில் ஒட்டுங்கள். பிரவுசரின் முகவரிப் பட்டியில் ஒட்ட வேண்டாம்; கை தவறி திறந்துவிடும். ஏற்கெனவே திறந்துவிட்ட பக்கம் என்றால், பட்டியைத் தட்டி முழு முகவரியையும் விரித்துப் பாருங்கள். போனில் இடம் பற்றாமல் ஒரு துண்டுதான் தெரியும். முன்னால் இருக்கும் எச்டிடிபிஎஸ் என்ற பகுதியைக் குரோம் மறைத்தே வைத்திருக்கும்.

அண்ணாச்சிக்கு வந்தது கிட்டத்தட்ட இப்படி இருந்தது. பெயர்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்:

எச்டிடிபிஎஸ்://டிஎன்ஈபிநெட்.ஓஆர்ஜி.பில்-அப்டேட்.எக்ஸ்ஒய்இசட்/பே/ஹோம்?ஐடி=4471&ரெஃப்=எஸ்எம்எஸ்#டாப்

இடமிருந்து வாருங்கள். முதலில் வரும் :// என்ற மூன்று குறிகளில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு இடப்பக்கம் இருப்பது, எந்த வழியில் பேசப் போகிறோம் என்பதைச் சொல்கிறது. எச்டிடிபிஎஸ் என்றால் இணையப் பக்கம். டெல் என்றால் போன் அழைப்பு, மெயில்டு என்றால் மின்னஞ்சல். இந்த இரண்டுக்கும் முக்காற்புள்ளி மட்டும் போதும், சாய்கோடு வராது. அந்த இரட்டைச் சாய்கோடே தேவைப்பட்டிருக்காது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீயே 2009-இல் சொன்னார். ஆனாலும் நமக்கு அது நல்ல அடையாளக் கல்லாக நிற்கிறது.

பூட்டுப் படத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எச்டிடிபிஎஸ் இருந்தால், உங்கள் போனுக்கும், பக்கத்தை அனுப்பும் கணினியான சர்வருக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. அந்த சர்வரே திருடனுடையது என்றால், திருடனோடு ரகசியமாகப் பேசுகிறீர்கள், அவ்வளவுதான். அதற்கான சான்றிதழ் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. குரோம் 2023-இல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

இரண்டாவது கோடு. :// முடிந்த பிறகு வரும் முதல் சாய்கோடு, அல்லது கேள்விக்குறி, அல்லது # இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ அங்கே போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் சிக்கியதுதான் வீட்டு முகவரி. இரண்டாவது கோட்டுக்கு அப்புறம் எவ்வளவு நீளமாக, எவ்வளவு நம்பகமான சொற்கள் இருந்தாலும், அவை யாருடைய வீடு என்பதைச் சொல்லாது. அங்கே அரசு என்று எழுதியிருக்கலாம், வங்கியின் முழுப் பெயர் இருக்கலாம். வீட்டுக்காரன் தன் வீட்டுக்குள் எந்த அறைக்கும் எந்தப் பெயரும் வைத்துக்கொள்வான்.

நடுவில் கிடைத்த துண்டில் @ குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடைசி @ வரைக்கும் அடித்துவிடுங்கள். ஒரு காலத்தில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முகவரியிலேயே எழுதுவதற்காக வைத்த இடம் அது. இன்று அதற்குத் தேவையே இல்லை, ஆனால் "வங்கிபெயர்.காம்@வேறெங்கோ.காம்" என்று எழுதினால் பிரவுசர் போவது வேறெங்கோவுக்குத்தான். அதே துண்டின் கடைசியில் முக்காற்புள்ளியும் எண்ணும் இருந்தால், :8080 என்பது மாதிரி, அது வாசல் எண். எச்டிடிபிஎஸ்ஸுக்கு வழக்கமான வாசல் 443 என்பதால் எழுத மாட்டார்கள். பொதுமக்களுக்கான அரசு, வங்கிப் பக்கங்களில் வாசல் எண்ணைப் பார்த்தால் நான் நின்று யோசிப்பேன். அதையும் அடித்துவிடுங்கள்.

இப்போது கையில் இருப்பது இது மட்டும்:

டிஎன்ஈபிநெட்.ஓஆர்ஜி.பில்-அப்டேட்.எக்ஸ்ஒய்இசட்

என் அத்தை தவறிய இடம் இதுதான். இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

நாம் கடிதத்துக்கு முகவரி எழுதும்போது கதவு எண், தெரு, ஊர், வட்டம், மாவட்டம் என்று சின்னதில் தொடங்கிப் பெரியதில் முடிக்கிறோம். வெட்டியதில் மிஞ்சிய இந்தத் துண்டுக்கு டொமைன் என்று பெயர், அதுவும் அதே வரிசைதான். கடைசியில் இருப்பது மாவட்டம் மாதிரி. அதற்கு முன்னால் இருப்பது ஊர். உரிமை அந்த இரண்டில் இருக்கிறது. அதற்கும் முன்னால் இருப்பவை தெருப் பெயரும் வீட்டுப் பெயரும். யாரோ ஒருவர் தன் வீட்டு வாசலில் 'கலெக்டர் பங்களா' என்று பலகை மாட்டினால் அது கலெக்டர் வீடாகிவிடாது.

அண்ணாச்சியின் முகவரியில் மாவட்டம் எக்ஸ்ஒய்இசட், ஊர் பில்-அப்டேட். இந்த இரண்டையும் சேர்த்துக் காசு கொடுத்துப் பதிந்தவன் எவனோ, அவன்தான் உரிமையாளன். அதற்கு முன்னால் டிஎன்ஈபிநெட் என்றும் ஓஆர்ஜி என்றும் போட்டுக்கொள்ள அவன் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் 63 குறிகள் வரை நீட்டலாம். போன் திரை சின்னது. இடப்பக்கம் மட்டும் தெரியும், வலப்பக்கம் மறைந்துபோகும். அவன் எதிர்பார்ப்பதே அதைத்தான்.

"அப்போ ஜிஓவி.இன் இருந்தா நம்பலாம், இல்லன்னா நம்பக் கூடாது, அப்படித்தானம்மா?" என்று அண்ணாச்சி கேட்டார். பாதி சரி. ஜிஓவி.இன் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. ஆனால் அது இல்லாததெல்லாம் போலி இல்லை. பல வருடங்களாக நாம் மின் கட்டணம் கட்டிவந்தது டிஎன்ஈபிநெட்.ஓஆர்ஜி என்ற முகவரியில். ரயில் டிக்கெட் எடுப்பது ஐஆர்சிடிசி.கோ.இன். பிளஸ் டூ ரிசல்ட் பார்ப்பது டிஎன்ரிசல்ட்ஸ்.என்ஐசி.இன். அதனால் வழக்கமாகப் பயன்படுத்தும் ஐந்தாறு முகவரிகளின் வலது முனையைப் பார்த்து நோட்டில் எழுதி வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஐஆர்சிடிசியைப் பார்த்தால் உடனே ஒரு சந்தேகம் வர வேண்டும். கடைசி இரண்டு துண்டை எடுத்தால் கோ.இன் என்றுதானே வருகிறது? கோ.இன், ஜிஓவி.இன், ஏசி.இன் இவை ஒன்றாகச் சேர்ந்தே மாவட்டம் மாதிரி. அவற்றுக்கு முன்னால் இன்னொரு துண்டையும் சேர்த்துப் படியுங்கள். போக்குவரத்து அபராதச் சீட்டுக்கான உண்மையான முகவரி இசலான்.பரிவாஹன்.ஜிஓவி.இன், இதில் உரிமை பரிவாஹன்.ஜிஓவி.இன், இசலான் அதன் உள்தெரு. உலகம் முழுக்க இப்படிப்பட்ட கூட்டு முடிவுகளைத் தொகுத்து ஒரு பட்டியலே இருக்கிறது; மொசில்லா தொடங்கிய அந்தப் பட்டியலைத்தான் பிரவுசர்கள் பயன்படுத்துகின்றன. கூகுளின் வலைப்பூத் தளமான பிளாக்ஸ்பாட்.காம் அதில் இருப்பதைக் கவனியுங்கள். அங்கே முன்துண்டை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம் என்பதால், பெயர் கூகுளுடையது என்று ஏமாறக் கூடாது.

வங்கி விஷயத்தில் ஒரு நல்லது நடந்திருக்கிறது. இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவை வங்கிகளுக்கு மட்டும்தான் பதிந்து தருகிறார்கள். அத்தைக்கு இப்போது நான் சொல்லியிருப்பது ஒரே வரி: இரண்டாவது கோட்டுக்கு முன்னால், புள்ளியோடு சேர்த்து .பேங்க்.இன் என்று முடியவில்லையா, எனக்கு போன் போடு.

வலது முனையைக் கண்டுபிடித்த பிறகு அதை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். தமிழில் துணைக்காலும் 'ர'வும் மாறிப்போனால் அவசரத்தில் நமக்குத் தெரிவதில்லை, இல்லையா? ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டால் எம் மாதிரியே தெரியும். பூஜ்யமும் ஓவும், சின்ன எல்லும் பெரிய ஐயும் அப்படித்தான். ரஷ்ய எழுத்து ஒன்று ஆங்கில ஏ போலவே இருக்கும். இதற்காகத்தான், வேற்று எழுத்துகள் கலந்த சந்தேகமான பெயர்களை பிரவுசர் எக்ஸ்என் என்ற இரண்டு எழுத்தும் இரண்டு சிறுகோடும் போட்டுப் புரியாத வடிவில் காட்டுகிறது. ஆங்கிலப் பெயராக வந்த லிங்க், திறந்ததும் எக்ஸ்என்-- என்று மாறினால் உடனே மூடிவிடுங்கள். அதற்காக எக்ஸ்என்-- என்றாலே தப்பு என்றும் நினைக்க வேண்டாம். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே மூன்று முடிவுகள் உண்டு. அவையும் கம்பிக்குள் போகும்போது எக்ஸ்என்-- வேடத்தில்தான் போகின்றன.

குட்டி லிங்க்குகளை வெட்டினால் உள்ளே ஒன்றும் இருக்காது. பிட்.எல்ஒய் என்பதில் எல்ஒய் லிபியா நாட்டின் குறி. யூடியூபின் குட்டி முகவரியில் வரும் பிஈ பெல்ஜியத்தின் குறி. அழகுக்காக வாங்கிக்கொண்டவை. அவை கொண்டுபோய் விடும் இடம் வேறு. தெரியாத எண்ணிலிருந்து குட்டி லிங்க் வந்தால் நான் வெட்டவே மாட்டேன், அழித்துவிடுவேன்.

இனி வால் பகுதி. உரிமை அதில் இல்லை என்றேன், ஆனால் தகவல் நிறைய இருக்கிறது. /பே/ஹோம் என்பது பாதை. வீட்டு முகவரி சின்னதிலிருந்து பெரியதுக்குப் போனது போல இல்லாமல், பாதை பெரிய அறையிலிருந்து சின்ன அறைக்குப் போகும். பாதையின் முடிவில் .ஏபிகே என்று இருந்தால் அது பக்கமே இல்லை, உங்கள் போனில் ஏறப் போகும் செயலி. அபராதச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதுதான். பாதையில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறாக இருக்கலாம். டொமைனில் இரண்டும் ஒன்றே. நோட்டீஸில் அச்சடித்த முகவரி திறக்கவில்லை என்று வருகிறவர்களுக்குப் பாதி நேரம் இதுதான் கோளாறு.

கேள்விக்குறிக்குப் பின்னால் வருபவை ஜோடிகள்: இடப்பக்கம் பெயர், நடுவில் =, வலப்பக்கம் மதிப்பு. ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் &. யூடியூப் லிங்க்கில் வி= என்பதற்குப் பின்னால் உள்ள 11 குறிகள்தான் வீடியோ; டி=90 என்றால் 90-வது நொடியில் தொடங்கும்; எஸ்ஐ= என்பது யார் பகிர்ந்தது என்று பின்தொடர. யூடிஎம் என்று தொடங்கும் ஜோடிகளும் எஃப்பிசிஎல்ஐடியும் அதே வேலைக்குத்தான். யூடிஎம் என்பது அர்ச்சின் என்ற நிறுவனத்தின் மிச்சம். 2005-இல் கூகுள் அதை வாங்கிவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. நண்பருக்கு அனுப்பும் முன் இந்த ஜோடிகளைக் கிள்ளி எறியுங்கள், பக்கம் நன்றாகவே திறக்கும். உங்கள் விண்ணப்ப எண்ணோ பிறந்த தேதியோ ஜோடியாக நின்றால் அந்த லிங்க்கை யாருக்கும் அனுப்பாதீர்கள். #-க்குப் பின்னால் வருவது பக்கத்தில் எந்த இடத்துக்குத் தாவ வேண்டும் என்பது. அது சர்வருக்குப் போவதே இல்லை, உங்கள் பிரவுசரோடு நின்றுவிடும்.

ஜோடியின் மதிப்புக்குள் %3ஏ%2எஃப்%2எஃப் என்று கண்ணில் பட்டால் கவனம். அது :// என்பதன் மறைவடிவம். அதாவது ஒரு முகவரிக்குள் இன்னொரு முகவரி. வெளியே இருப்பது நமக்குத் தெரிந்த நிறுவனமாகவே இருக்கலாம். அங்கே போனதும் உள்ளே இருப்பதற்குத் தள்ளிவிடும். உள்முகவரியைத் தனியே எடுத்து எழுதி, மறுபடி முதலிலிருந்து வெட்டுங்கள்.

இந்தச் சதவீதக் குறிகளைப் பற்றித் தமிழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தமிழாசிரியர் விக்கிப்பீடியா லிங்க் ஒன்றை வகுப்புக் குழுவில் போட, பெற்றோர் "சார் போன்ல வைரஸ்" என்று பயந்து அழித்துவிட்டார்களாம். வருத்தத்தோடு என்னிடம் வந்தார். முகவரிக்குள் நேரடியாகப் போகக் கூடியவை ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே. தமிழ் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு குறியையும் மூன்று பைட்டாக்கி, ஒவ்வொரு பைட்டையும் % போட்டு எழுத வேண்டும். 'ச' என்ற ஒற்றை எழுத்து %ஈ0%ஏஈ%9ஏ என்று ஒன்பது குறிகளாகும். புள்ளியும் கொக்கியும் கணினிக்குத் தனிக் குறிகள். எங்கள் ஊர்ப் பெயரையே எடுங்கள்: சங்கரன்கோவில், நம் கணக்கில் எட்டு எழுத்து. கணினிக்கு ச, ங, புள்ளி, க, ர, ன, புள்ளி, க, ஓகாரக் குறி, வ, இகரக் கொக்கி, ல, புள்ளி என்று 13. பதின்மூன்று ஒன்பது 117. அந்த ஆசிரியருக்கு இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது, தானும் ஒருமுறை விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

அதனால் %ஈ0%ஏஈ அல்லது %ஈ0%ஏஎஃப் என்று திரும்பத் திரும்ப வந்தால் அது வைரஸ் இல்லை, தமிழ். %ஈ0%ஏ4 என்று வந்தால் இந்தி எழுத்து. %20 என்பது வெறும் இடைவெளி. ஆனால் பயம் நீங்கியது என்பதற்காக வலது முனையைப் பார்க்காமல் விட வேண்டாம். அந்த நீளமான வால் எந்த வீட்டில் தொங்குகிறது என்பதைப் பார்த்துவிட்டே திறங்கள்.

நூற்றுக்கணக்கில் லிங்க் இருந்தால் பென்சில் போதாது. எக்செலில் ஒரே நெடுவரிசையில் ஒட்டி, 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' எடுத்து, பிரிக்கும் குறியாகச் சாய்கோட்டைக் கொடுங்கள். இரண்டு சாய்கோட்டுக்கு நடுவில் ஒன்றுமில்லாததால் இரண்டாவது நெடுவரிசை காலியாக வரும். மூன்றாவதில் டொமைன்கள் வரிசையாக நிற்கும். அடுத்தடுத்த குறிகளை ஒன்றாகக் கொள் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் இரண்டாவதிலேயே வந்துவிடும். வலைத்தளத்தின் பெயருக்குப் பின் சாய்கோடு இல்லாமல் நேரே கேள்விக்குறி வந்தவை ஒட்டியபடி வரும், அவற்றைக் கையால் சரிசெய்யுங்கள். பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு அதில் யூஆர்எல்ஸ்ப்ளிட் என்ற கட்டளை இருக்கிறது. மேலே சொன்ன பெரிய வெட்டுகளை அதுவே போட்டுத் தரும்; டொமைனின் வலது முனையை மட்டும் நீங்கள்தான் படிக்க வேண்டும்.

கடைசியாக, கடை வைத்திருப்பவர்களுக்கு. மேஜையில் நிற்கிற யுபிஐ கியூஆர் அட்டையும் ஒரு முகவரிதான். பணம் அனுப்பும் செயலியில் இல்லாமல், சாதாரண கியூஆர் ஸ்கேனரில் காட்டினால் எழுத்தாகவே தெரியும்:

யுபிஐ://பே?பிஏ=கடை@வங்கி&பிஎன்=கடையின்பெயர்&ஏஎம்=100&சியு=ஐஎன்ஆர்

பிஏ என்பது பணம் போய்ச் சேரும் இடம். பிஎன் என்பது பெயர். ஏஎம் தொகை, சியு நாணயம். பல அட்டைகளில் ஏஎம் இருக்காது. இங்கே @ கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதால் அடித்துவிட வேண்டாம், அது பிஏவின் பகுதி. பிஎன்னில் அட்டை அச்சடித்தவர் எதை வேண்டுமானாலும் எழுதலாம். பணம் பிஏவுக்குத்தான் போகும்.

எங்கள் வரிசையில் இருக்கும் ஜூஸ் கடைத் தம்பிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை ஒரு ரூபாய்கூடக் கணக்கில் ஏறவில்லை. வாங்கியவர்கள் எல்லோரும் போனைக் காட்டி, அனுப்பியாச்சு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அட்டையைக் கொண்டு வந்தான். நகத்தால் ஓரத்தைக் கீறினேன். மேலே ஒரு ஸ்டிக்கர் உரிந்து வந்தது. இரண்டையும் ஸ்கேன் செய்து தாளில் மேலும் கீழுமாக எழுதினோம். பிஎன் இரண்டிலும் அவன் கடைப் பெயர்தான், ஒரு எழுத்து பிசகவில்லை. பிஏ வேறு. அப்போதே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்து, சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்தில் இரண்டு வரியையும் சேர்த்துப் புகார் பதிந்தோம்.

இப்போது எங்கள் வரிசைக் கடைகள் ஆறின் பிஏவையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவரவர் அட்டையை ஒருமுறை ஸ்கேன் செய்து, நோட்டோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் முதல் போணி.